புயலுக்குப் பிறகு கூரைப் பீலியைச் சோதித்துச் சுத்தம் செய்வது: முழுமையான வழிகாட்டி

புயல் கடந்த மறுநாள் வீட்டைச் சுற்றி வருகிறவர்களின் கண் ஓட்டுக்குப் போகும், ஜன்னல் கண்ணாடிக்குப் போகும், சாய்ந்த மரத்துக்குப் போகும். கூரை ஓரமாக ஓடும் பீலியை அண்ணாந்து பார்க்கிறவர்கள் குறைவு. அது அறுந்து தொங்கினால் ஒழிய நம் கவனத்துக்கு வருவதே இல்லை. பீலி, தூம்பு, கட்டர் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். இங்கே பீலி என்றே எழுதுகிறேன். அதன் வாயிலிருந்து சுவரோரமாகக் கீழே வருவது இறங்குகுழாய்.

இந்தச் சின்ன வாய்க்கால் எவ்வளவு சுமக்கிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை என்றால் 5,000 லிட்டர். அத்தனையும் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒன்றிரண்டு குழாய்வாய்கள் வழியாக இறங்க வேண்டும். அந்த வாயில் நாலு இலையும் ஒரு குச்சியும் குறுக்கே விழுந்தால், 5,000 லிட்டரும் சுவர் மேலும் மரப்பலகை மேலும் அஸ்திவாரத்தின் மேலும் இறங்கும்.

புயல் முடிந்ததும் எல்லோரும் செய்கிற முதல் காரியம் ஏணியை எடுத்துச் சாத்தி, குப்பையை அள்ளிப் போடுவது. நான் சொல்ல வருவது, அதை இரண்டாவதாக வையுங்கள் என்பதைத்தான். எந்த இடத்தில் தண்ணீர் தப்பியது, எந்த மூட்டு விட்டது, எங்கே பீலி தொய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் புயல் சுவரிலும் மண்ணிலும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. வெயில் நன்றாக அடித்தால் இரண்டு மூன்று நாளில் அந்தத் தடம் மங்கிவிடும். தண்ணீரை அடித்துக் கழுவிவிட்டால் அன்றைக்கே அழிந்துவிடும். அதனால் முதலில் பார்ப்போம். அள்ளுவதும் கழுவுவதும் அதற்குப் பிறகு.

எங்கள் வீட்டில் இது பட்டுத் தெரிந்துகொண்டது. பின்பக்கச் சுவரில் தோள் உயரத்தில் ஒரு ஈரக்கறை இருந்தது. பூச்சு உப்பி, விரல் வைத்தால் மாவாக உதிரும். சுரண்டிப் பூசிப் பெயின்ட் அடித்தோம். அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் மறுபடியும் வந்தது. மறுபடியும் அடித்தோம். ஒரு புயலின் மறுநாள் காலையில்தான் அந்தச் சுவருக்கு நேர் கீழே மண்ணில் விரல் ஆழத்துக்கு ஒரு கோடு வெட்டியிருப்பதைப் பார்த்தேன். அந்தக் கோட்டிலிருந்து நேராக மேலே கண்ணைக் கொண்டு போனால் பீலியின் ஒரு மூட்டு. அங்கிருந்து சொட்டுச் சொட்டாகச் சுவரைத் தொட்டுத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஒரு முழ நீளத்துக்கு சீலன்ட், அதாவது மூட்டை அடைக்கும் பசை, வைத்த வேலை, இரண்டு வருடப் பெயின்ட் செலவை நிறுத்தியது.

ஏறுவதற்கு முன் காத்திருங்கள்

கடைசி இடிச்சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே ஏணியில் ஏறக்கூடாது. காற்று சட்டென்று அடங்கிவிட்டது என்றும் ஏமாற வேண்டாம். சூறாவளியின் கண் வீட்டின் மேலே கடக்கும்போது வானம் வெளுத்து, காற்று நின்று, எல்லாம் முடிந்தது போலத் தோன்றும். பிறகு எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் மறுபடியும் அடிக்கும். வானிலை அறிவிப்பில் புயல் கடந்துவிட்டது என்று உறுதியாகச் சொன்ன பிறகே இறங்கிப் பாருங்கள்.

அடுத்தது மின்கம்பி. தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் பல வீடுகளில் கூரை ஓரத்தில்தான் வந்து சேருகிறது. அது தொய்ந்தோ, அறுந்தோ, தகரப் பீலியின் மேல் கிடந்தோ இருந்தால் பீலி முழுவதும் மின்சாரம் பாயக்கூடும். அந்தப் பக்கமே போகாதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். கம்பி நன்றாக இருந்தாலும் ஏணிக்கும் அதற்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். அலுமினிய ஏணியைக் கம்பி இருக்கும் பக்கம் தூக்கிக்கொண்டு நடப்பதுகூட ஆபத்து. கூரையில் சூரிய மின்தகடு இருந்தால், வெயில் படுகிற வரை அதன் வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எத்தனை நாள் காத்திருக்கலாம்? என் கணக்கில், மழை விட்டு ஒன்றிரண்டு நாள். நனைந்த குப்பை கனமாக இருக்கும், ஏணியும் வழுக்கும். ரொம்ப நாள் விட்டாலோ சேறு கல்லாக இறுகிவிடும், பறவை எச்சம் தூளாகிப் பறக்கும். பாதி ஈரமாக, கையில் எடுத்தால் கட்டியாக வருகிற பதம்தான் சரியான பதம். இன்னொரு காரணமும் உண்டு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, வெப்பமான பருவத்தில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற 7 முதல் 10 நாள் போதும். தேங்கிய பீலி அதற்குத் தோதான இடம், நம் கண்ணுக்கும் தெரியாது. அதனால் ஒரு வாரத்தைத் தாண்ட விடாதீர்கள்.

தரையில் நின்றபடி படிப்பது

ஒரு தாளில் வீட்டின் நான்கு பக்கத்தையும் கட்டமாக வரைந்துகொள்ளுங்கள். கைபேசியில் படம் எடுத்தாலும் சரி, ஆனால் தாளில் குறிப்பது ஏணியில் நிற்கும்போது உதவும். பிறகு மெதுவாகச் சுற்றி வாருங்கள்.

முதலில் மண்ணைப் பாருங்கள். கூரை விளிம்புக்கு நேர் கீழே மண் வரிசையாகக் குழிந்திருந்தால், அந்த நீளம் முழுக்கப் பீலி நிரம்பி வழிந்திருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் குழி என்றால் ஒரு மூட்டோ, ஒரு ஓட்டையோ, ஒரு தொய்வோ காரணம். அடுத்து சுவர். மண் தெறித்த கறை முழங்கால் உயரத்துக்கு இருந்தால் மேலிருந்து தண்ணீர் நேராக விழுந்து தெறித்திருக்கிறது. சுவரின் மேல்பகுதியில், பீலிக்குப் பின்னால் இருந்தே ஈரம் தொடங்கினால் விஷயம் வேறு: தண்ணீர் பீலிக்குள் விழாமல், கூரை விளிம்புக்கும் பீலிக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் போகிறது. எவ்வளவு சுத்தம் செய்தாலும் இது தீராது. பீலி சுவரை விட்டு விலகியிருக்கிறது, அல்லது கூரைத் தகடு பீலிக்கு மேல் போதுமான நீளம் நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

பீலியின் வெளிமுகத்தில் செங்குத்தான அழுக்குக் கோடுகள் தெரிந்தால், தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்த அடையாளம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பீலியின் ஒரு முனையில் நின்று மறுமுனை வரை அதன் கீழ்விளிம்பை நூல்பிடித்துப் பாருங்கள். நடுவில் வயிறு தள்ளியிருந்தால் அங்கே பீலியைப் பிடித்திருக்கும் தாங்கி கழன்றிருக்கிறது. தண்ணீரின் பாரம் லேசானதில்லை. 12 செ.மீ. அகலமும் 8 செ.மீ. ஆழமும் உள்ள பீலி 10 மீட்டர் நீளத்துக்கு நிரம்பினால் 96 லிட்டர், அதாவது 96 கிலோ. ஈரக் குப்பையும் சேர்ந்தால் இன்னும் கூடும். புயல் இரவில் அந்தத் தாங்கிகள் சுமந்தது இதைத்தான்.

இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் பள்ளத்தாக்கு முடிகிற மூலையைத் தனியாகக் கவனியுங்கள். இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரே இடத்தில் வேகமாக வந்து விழுவதால், சுத்தமான பீலியைக்கூட அது தாண்டிக் குதிக்கும். அங்கே அடைப்பு இல்லாமலே மண் குழிந்திருந்தால், பீலியின் வெளிவிளிம்பில் ஒரு சாண் உயரத் தகடு தடுப்பாக வைப்பதுதான் தீர்வு.

வீட்டுக்கு உள்ளேயும் ஒரு சுற்று. மேல்தட்டுக் கூரையின் ஓரம், ஜன்னலின் மேல்விளிம்பு, வெளிச்சுவரின் உட்பக்க மூலை ஆகிய இடங்களில் புதிய ஈரம் இருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் கைக்குச் சில்லென்று தெரியும்.

காப்பீடு இருந்தால், ஒரு இலையைக்கூட எடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, அருகிலிருந்து ஒன்று. தேதி பதிவாகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏணி

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புயலுக்குப் பின் மண் ஊறிப்போயிருக்கும். காலை வைத்து அழுத்தினால் உறுதியாகத் தெரியும் தரையில், ஏணியின் ஒரு கால் மட்டும் உங்கள் பாரத்தில் மெல்ல அமிழும். கீழே ஒரு அகலமான பலகையைப் போட்டு, அதன் மேல் ஏணியை நிறுத்துங்கள். செங்கல்லை அடுக்கி உயரம் சமன் செய்வது வேண்டவே வேண்டாம். ஏணி சாயும் உயரம் 4 மீட்டர் என்றால் அதன் அடிப்பாகம் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நாலுக்கு ஒன்று என்பது கணக்கு. இதைவிடக் கிட்டே வைத்தால் பின்பக்கம் சாயும், தள்ளி வைத்தால் அடி சறுக்கும்.

ஏணியைப் பீலியின் மேலேயே சாத்துவது எல்லோரும் செய்கிற தப்பு. பிளாஸ்டிக் பீலி விரிசல் விடும், தகரம் நசுங்கும், புயலில் ஏற்கெனவே தளர்ந்த தாங்கி கையோடு வரும். ஏணியின் மேல்முனையில் மாட்டும் தாங்குசட்டம் கிடைக்கிறது. அது சுவரில் ஊன்றி, பீலியிலிருந்து ஏணியைத் தள்ளி நிறுத்தும். உங்கள் இரண்டு கைக்கும் வேலை செய்ய இடமும் கிடைக்கும்.

இரண்டு கால் ஒரு கை, அல்லது இரண்டு கை ஒரு கால் எப்போதும் ஏணியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மேலே உள்ள மூன்று படிகளில் ஏறி நிற்காதீர்கள். இடுப்பு பெல்ட்டின் பக்கிள் ஏணியின் இரு பக்கச் சட்டத்துக்குள்ளேயே இருக்கட்டும்; அது வெளியே போகிற அளவுக்கு எட்டினீர்கள் என்றால் ஏணியை நகர்த்த வேண்டிய நேரம் வந்துவிட்டது. இறங்கி நகர்த்தி ஏறுவது அலுப்புதான். 12 மீட்டர் பீலிக்கு ஏழெட்டு முறை ஏறி இறங்க வேண்டிவரும். அந்த அலுப்பைப் பார்த்து இன்னும் ஒரு சாண் எட்டுகிறவர்கள்தான் விழுகிறார்கள். கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், கைபேசி பார்க்காமல்.

இரண்டாவது மாடிக் கூரை, செங்குத்தான சரிவு, ஈரமான பாசி, தலைசுற்றல் இருப்பவர், வீட்டில் தனியாக இருப்பவர்: இதில் எது பொருந்தினாலும் ஆள் வைத்துச் செய்யுங்கள். தரையிலிருந்து பார்த்து நீங்கள் வரைந்த தாளை அவரிடம் கொடுத்தால், வேலை பாதி முடிந்த மாதிரி.

கையில் இருக்க வேண்டியவை

தடிமனான ரப்பர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம், S வடிவக் கொக்கியோடு ஒரு வாளி, கயிறு, பழைய துணி, தண்ணீர் ஹோஸ், பிளாஸ்டிக் கரண்டி. இரும்புக் கரண்டியும் கரணையும் வேண்டாம். தகரப் பீலியின் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு இரும்பு பட்டால் கீறும், கீறிய இடத்தில் துரு பிடிக்கும். ஒரு பழைய பிளாஸ்டிக் கேனின் அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டினால் பீலியின் வளைவுக்கு ஏற்ற அள்ளும் கரண்டி கிடைத்துவிடும். நான் பயன்படுத்துவது அதைத்தான்.

முகக்கவசத்தை விட்டுவிடாதீர்கள். பறவை எச்சமும் எலி மூத்திரமும் கலந்த குப்பை அது. காய்ந்த எச்சத் தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரலில் பூஞ்சைத் தொற்று வரலாம். காய்ந்திருந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஈரமாக்கிய பிறகே கிளறுங்கள். கையை விடுவதற்கு முன் ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். தேளும் பூரானும் பாம்பும் மழைக்கு ஒதுங்குகிற இடம் இது. குளவிக்கூடு தெரிந்தால் அன்றைக்கு ஏறவே வேண்டாம்.

கூரை கல்நார் ஷீட்டாக இருந்தால், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் என்றால், தேய்ப்பது, துளை போடுவது, அழுத்தமாகத் தண்ணீர் அடிப்பது மூன்றும் கூடாது. அதன் நார்த்தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வெளிவரக்கூடும். உடைந்த ஷீட் இருந்தால் ஈரமாக்கி, தொடாமல் விட்டு, பயிற்சி பெற்றவரை அழையுங்கள்.

குப்பையை எடுப்பது

இறங்குகுழாய் இருக்கும் முனையிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் தேங்கி நிற்கிறது என்றால் அடைப்பு அங்கேதான் இருக்கும். குழாய்வாயில் உள்ளதைக் கையால் மெல்லப் பிடித்து மேலே இழுங்கள், உள்ளே தள்ளாதீர்கள். பல நேரம் அது ஒரே கட்டியாக வரும். நான் கடைசியாக எடுத்தது ஒரு தட்டு அளவுக்கு இருந்தது. அடியில் ஒரு அகலமான இலை, வலைபோல அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக மூன்று குச்சிகள், அந்த வலையில் சிக்கிய பொடி இலைகளும் ஒரு இறகும், எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்த வண்டல். அந்த முதல் இலை ஒன்று இல்லை என்றால் மீதி எல்லாம் குழாயோடு போயிருக்கும். கட்டி வெளியே வந்ததும் தேங்கியிருந்த தண்ணீர் சுழித்துக்கொண்டு கடகடவென்று இறங்கும் சத்தம் கேட்டால், பாதி வேலை ஆனது. சத்தம் இல்லாமல் தண்ணீர் அப்படியே நின்றால் அடைப்பு குழாய்க்குள் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தண்ணீர் வடிந்ததும் குழாய்வாயில் பழைய துணியைத் திணித்து மூடுங்கள். நுனி வெளியே தொங்கட்டும், எடுக்க மறக்காமல் இருக்கும். இனி அள்ளும் குப்பை எதுவும் குழாய்க்குள் போகாது. அங்கிருந்து எதிர்முனையை நோக்கி, கைக்கு எட்டும் அளவு அள்ளி வாளியில் போட்டு, இறங்கி, ஏணியை நகர்த்தி, ஏறி, மறுபடியும். குப்பையைக் கீழே வீசினால் சுவரில் கறை படியும், ஏணி பிடிப்பவர் தலையிலும் விழும்.

அள்ளும்போது கையில் வருவதைப் பாருங்கள். கூரையின் நிலைமையை அது அப்படியே சொல்லிவிடும். ஓட்டுத் துண்டு கிடந்தால் மேலே எங்கோ ஓடு உடைந்திருக்கிறது. ரப்பர் வாஷரும் ஸ்குரூவும் கிடந்தால் ஷீட் தளர்ந்திருக்கிறது, அடுத்த காற்றுக்குத் தூக்கிவிடும். சிமென்ட் கட்டிகள் கிடந்தால் முகட்டுப் பூச்சு பெயர்கிறது. தார்த்தகடு வேய்ந்த கூரையில் கறுப்பு மணல்போலக் குவிந்திருந்தால், தகட்டின் மேல்பூச்சு உதிர்ந்து அது வயதாகிவிட்டது. வேர் விட்ட நாற்று ஒன்று முளைத்திருந்தால், இந்தப் புயலின் மேல் பழி போடாதீர்கள். செடி வேர்விட மண் வேண்டும், மண் சேர மாதக்கணக்கில் ஆகும். பீலி முன்பே அடைத்துத்தான் இருந்திருக்கிறது.

பெரிய குப்பை போனதும், துணியை எடுப்பதற்கு முன் அடியில் படிந்த வண்டலை ஈரத்துணியால் வழித்தெடுங்கள். இதைப் பலர் தண்ணீர் அடித்துக் குழாய்க்குள் அனுப்பிவிடுகிறார்கள். அது குழாயின் வளைவில் போய் உட்காரும்.

இறங்குகுழாய்க்குள் அடைப்பு

ஹோஸை மெதுவாகத் திறந்து குழாய்வாயில் விடுங்கள். கீழே அதே வேகத்தில் வந்தால் சரி. நூல்போல வந்தாலோ மேலே திரும்பி வந்தாலோ, தண்ணீரை நிறுத்திவிட்டுக் குழாயை மேலிருந்து கீழாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். காலியாக இருக்கும் பகுதி கணீரென்று ஒலிக்கும், தண்ணீர் நிற்கும் பகுதி பொத்தென்று கேட்கும். பொத்தென்ற சத்தம் கீழே எங்கே முடிகிறதோ அங்கேதான் அடைப்பு. பெரும்பாலும் அது எல்போ எனப்படும் வளைவாக இருக்கும்.

கீழ் எல்போவைக் கழற்றி எடுப்பதுதான் நேரான வழி. கழற்றும்போது பக்கவாட்டில் நில்லுங்கள். 75 மி.மீ. விட்டமுள்ள குழாயில் 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 13 லிட்டர். அது மொத்தமாக முகத்தில் கொட்டும். கழற்ற முடியாத குழாய் என்றால் பிளம்பர்கள் வைத்திருக்கும் ஸ்பிரிங் கம்பியைக் கீழிருந்து மேலாகச் சுழற்றிச் சுழற்றி ஏற்றுங்கள். அடைப்பு வந்த வழியே திரும்பிப் போவது, இன்னும் இறுகுவதைவிட எளிது. மேலிருந்து மூங்கிலை வைத்துக் குத்துவதால் மூட்டு விடும், அடைப்பும் கெட்டிப்படும். வழி கொஞ்சம் கிடைத்ததும் ஒரு கயிற்றை இறக்கி, அதன் நடுவில் துணி முடிச்சுப் போட்டு மேலிருந்து கீழே இழுத்தால் உட்சுவரில் ஒட்டிய சேறும் வந்துவிடும். அழுத்தத் தண்ணீர் இயந்திரத்தைக் குழாய்க்குள் விட வேண்டாம்.

சில வீடுகளில் இறங்குகுழாய் நேராகத் தரைக்கு அடியில் போகும். அங்கே சுத்தம் செய்வதற்கு முன் தரைமட்டத்து மூட்டைப் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கூரைச் சேறு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத குழாய்க்குள் போய்ச் சேரும்.

தண்ணீர் விட்டுச் சோதிப்பது

துணியை எடுத்துவிட்டு, குழாயிலிருந்து தூரத்து முனையில் ஹோஸை வைத்துத் தண்ணீர் விடுங்கள். கீழே இறங்கி நின்று, வரைந்து வைத்த தாளோடு ஒவ்வொரு மூட்டையும் பாருங்கள். புயல் நாளின் தடமும் இப்போது சொட்டும் இடமும் ஒத்துப்போனால் அந்த இடத்தை மெழுகுப் பென்சிலால் குறியுங்கள். தடம் இருந்து இப்போது சொட்டவில்லை என்றால் குப்பைதான் காரணம், பிரச்சினை தீர்ந்தது.

தண்ணீரை நிறுத்திக் கால் மணி நேரம் கழித்து மறுபடியும் ஏறிப் பாருங்கள். மெல்லிய ஈரம் இருக்கலாம். குளம்போல நின்றால் சரிவு போதவில்லை. 3 மீட்டர் நீளத்துக்கு 6 மி.மீ. இறக்கம் என்பது குறைந்தபட்சம். 10 மீட்டர் பீலிக்கு 2 செ.மீ. வரும். ரசமட்டம் வைத்துப் பார்க்கலாம். நீண்ட பீலிக்கு டியூப் மட்டம், அதாவது தண்ணீர் நிரப்பிய தெளிவான டியூப், இன்னும் நம்பகமானது: இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அங்கிருந்து பீலியின் அடிவரை அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பழுது

கழன்ற தாங்கியை முதலில் சரிசெய்யுங்கள். மூட்டு விட்டதற்கும் பல நேரம் அதுவே காரணம். தாங்கிகளுக்கு நடுவில் 60 முதல் 90 செ.மீ. இடைவெளி போதும், கனத்த மழை வரும் இடத்தில் 60-ஐத் தாண்டாதீர்கள். பழைய துளையிலேயே ஆணியை மறுபடி அடித்தால் நிற்காது. சற்றுத் தள்ளி, நீளமான துருப்பிடிக்காத ஸ்குரூவால் பிடியுங்கள். அதற்கு முன் பின்னால் இருக்கும் மரப்பலகையை ஸ்குரூ டிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். நுனி வெண்ணெயில் போவதுபோல உள்ளே போனால் பலகை உளுத்துவிட்டது. பலகையை மாற்றாமல் பீலியை மாட்டுவது வீண்.

மூட்டுக்கு சீலன்ட் வைக்கும்போது அவசரம் ஆகாது. பழைய சீலன்ட்டை முழுதாக உரித்து, துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, பீலியின் உட்பக்கத்தில் வையுங்கள். வெளிப்பக்கம் பூசினால் தண்ணீர் உள்ளிருந்து தள்ளிப் பிரித்துவிடும். வைத்த பிறகும் ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது. பிவிசி பீலி வெயிலுக்கு நீளும். 10 மீட்டர் பீலி 20 டிகிரி வெப்ப வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 12 முதல் 14 மி.மீ. நீளும். அதற்காகத்தான் இணைப்பில் இடைவெளி விட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளியைப் பசை போட்டு அடைத்துவிடாதீர்கள், அடுத்த கோடையில் வேறு இடத்தில் விரியும். தகரத்தில் ஊசித்துளை என்றால் துருவைத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, சீலன்ட்டோடு ஒரு தகடு ஒட்டலாம். விரலால் அழுத்தினால் நொறுங்குகிற தகரத்துக்கு ஒட்டு நிற்காது. அந்தத் துண்டை மாற்றுங்கள்.

மொட்டை மாடி வீடாக இருந்தால்

பீலி இல்லை என்பதால் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். கைப்பிடிச் சுவர் சுற்றிலும் இருக்கும் மாடியில் வடிகால் வாய் அடைத்தால் மாடியே தொட்டி ஆகிவிடும். 100 சதுர மீட்டரில் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் 10 டன் பாரம். மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்று, கீழே கூரை சொட்டவோ விரிசல் தெரியவோ செய்தால் மேலே ஏறாதீர்கள், அந்த அறையையும் காலி செய்யுங்கள். மற்றபடி, நீளமான கழியால் வாயின் மேலுள்ள குப்பையை ஓரமாக ஒதுக்கி, தண்ணீர் மெல்ல வடியட்டும். ஓடும் தண்ணீரில் கையை வாய்க்குள் விடாதீர்கள், இழுப்பு பலமாக இருக்கும். வடிந்த பிறகு ஜாலியை, அதாவது வாயின் மேலுள்ள சல்லடை மூடியை, கழற்றிக் கழுவி மாட்டுங்கள். தட்டையான ஜாலியைவிடக் கூண்டு வடிவ ஜாலி நல்லது. பக்கவாட்டில் இலை ஒட்டினாலும் மேலே வழி இருக்கும்.

தண்ணீர் போய்ச் சேரும் இடம்

இறங்குகுழாய் அஸ்திவாரத்தின் காலடியிலேயே முடிந்தால், மேலே செய்த வேலை அத்தனையும் கீழே வீணாகும். சுவரிலிருந்து 1.5 முதல் 2 மீட்டர் தள்ளித் தண்ணீர் விழும்படி நீட்டுக்குழாயோ சரிவான கல்லோ வையுங்கள். மழைநீர்த் தொட்டிக்குப் போகும் குழாய் என்றால், சுத்தம் செய்யும் முன்பே தொட்டியின் இணைப்பைத் துண்டித்து, கழுவின தண்ணீர் வெளியே போகவிட்டு, அடுத்த மழையின் முதல் தண்ணீரும் வெளியே போன பிறகு இணையுங்கள். புயலின்போது இணைப்பு திறந்தே இருந்திருந்தால் தொட்டித் தண்ணீரை அப்படியே குடிக்க வேண்டாம்.

இலைத் தடுப்பு வலை போட்டால் சுத்தமே செய்ய வேண்டாம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். பெரிய இலை நிற்கும், உண்மைதான். ஊசியிலையும் பொடி இலையும் பூவும் வலைக்கண்ணில் செருகிக்கொண்டு ஒரு பாய்போல மூடிவிடும், தண்ணீர் அதன் மேலேயே வழிந்து போகும். வலை போட்டாலும் வருடத்துக்கு இரண்டு முறை கழற்றிப் பார்க்க வேண்டும். மரம் கூரையின் மேல் கவிந்திருந்தால் கிளையை வெட்டி ஒதுக்குவது வலையைவிடப் பலன் தரும். குழாய்வாயில் மட்டும் ஒரு கம்பிக் கூண்டு வைப்பது செலவு குறைவு, நான் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த மழை வரும்போது குடையை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். இடி இல்லாத மழையாக இருக்கட்டும். பத்து நிமிடம் போதும்: இறங்குகுழாயின் அடியில் தண்ணீர் முழு வாயோடு வருகிறதா, நீங்கள் பென்சிலால் குறித்த மூட்டின் கீழே மண் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தாளில் அந்த இடத்தை அடித்துவிடுங்கள்.